செல்லம் கொடுத்தலும் செல்லம் பொழிதலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சொற்களைப் பற்றிய இந்தத் தொடரில் அறம், வீடு, ஊழ் என்று பெரிய பெரிய சொற்களுக்கெல்லாம் அறிஞர்கள் விளக்கம் தந்துவிட்டார்கள். எனக்குக் கிடைத்திருப்பது அடுப்படிச் சொல். 'செல்லம்' என்பதுதான் அது. நிகண்டு எடுத்துப் புரட்டாமலே எல்லோருக்கும் பொருள் தெரிந்த சொல். ஆனால் பொருள் சொல்லுங்கள் என்று கேட்டால் நாக்கு இடறும். "அன்பு" என்று சொல்லலாமா? அன்பு கூடிவிட்டது என்று யாரும் யாரையும் கண்டிப்பதில்லை. "இவனுக்குச் செல்லம் கூடிப்போச்சு" என்று கண்டிக்கிறோம். ஆகவே அது அன்பு மட்டும் அன்று. அன்போடு இன்னும் ஏதோ ஒன்று அதில் கலந்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைத்தான் இன்று சற்றுத் தேடிப் பார்க்க விரும்புகிறேன்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். செல்வம் என்பதே செல்லம் ஆயிற்று என்று கொள்வதற்கு இடமுண்டு. கர்நாடகத்திலே மேல்கோட்டை என்ற ஊரில் திருநாராயணப் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீதியுலா வரும் திருமேனியைச் செல்வப்பிள்ளை என்பர். அதே மூர்த்தியைச் செல்லப்பிள்ளை என்றும் சொல்வர். அத்திருமேனி தில்லி அரண்மனையில் ஓர் இளவரசியின் விளையாட்டுப் பொம்மையாய் இருந்தது என்றும், இராமாநுசர் சென்று அழைத்தபோது குழந்தைபோல் நடந்து வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டது என்றும் மரபுக் கதை கூறும். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு வேண்டியது ஒரே தெய்வத்துக்குச் செல்வம் என்றும் செல்லம் என்றும் இரு பெயரும் ஒட்டிக்கொண்ட செய்திதான். பிள்ளையே செல்வம், அந்தச் செல்வத்தை மடியில் வைத்தால் அது செல்லம்.

எங்கள் நாட்டில் இன்றும் திருமணமாகாதவர்களின் பெயருக்கு முன்னே செல்வன், செல்வி என்று எழுதுகிறோம். பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையிலும் எழுதுகிறோம், மரண அறிவித்தலிலும் எழுதுகிறோம். யாரோ பெற்ற பிள்ளையை ஊரே செல்வம் என்று அழைக்கும் வழக்கம் அது. செல்லையா, செல்லத்துரை, செல்லத்தம்பி, செல்லம்மா, செல்லக்கண்டு என்று பெயர்களும் எத்தனையோ. பாரதியின் மனைவி பெயர் செல்லம்மா. 1959இல் 'எழுத்து' இதழைத் தொடங்கிய விமர்சகர் சி.சு. செல்லப்பா. கண்டிப்பான மனிதர் என்று பெயர் எடுத்தவர். ஆனாலும் ஒருவரைக் கண்டிக்கும்போது கையெழுத்து மட்டும் செல்லப்பா என்றுதான் விழும்.

இன்னொரு செல்லமும் உண்டு. தமிழகத்தில் வெற்றிலை பாக்குப் பெட்டியை வெற்றிலைச் செல்லம் என்பார்கள், மலையாளத்திலும் அப்படியே. எங்கள் பக்கத்தில் வெற்றிலை வட்டாவிலே வைத்து வருவதால் அந்தக் குழப்பம் எங்களுக்கு இல்லை. சிலர் விளையாட்டாக, எவனுடைய சொல் வீட்டில் 'செல்லும்' என்கிறோமோ அவன் செல்லம் என்பதுண்டு. இது சொல்லாராய்ச்சி ஆகாது. ஆனால் வீட்டு நடைமுறைக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது!

அடுத்து, இந்தச் சொல்லோடு என்னென்ன வினைகள் சேருகின்றன என்று பாருங்கள். எனக்குச் சுவையாகப் பட்டது இதுதான். பெரியவர்கள் செல்லம் 'கொடுக்கிறார்கள்'. பிள்ளை செல்லம் 'பொழிகிறது'. "செல்லம் பொழியாதே, எழும்பிப் போய்ப் படி" என்று தாய் சொல்கிறாள். நடக்கத் தெரிந்த பிள்ளை தூக்கச் சொல்லி நிற்கிறது. தானே சாப்பிடத் தெரிந்த பிள்ளை தீத்திவிடச் சொல்லி வாயைத் திறக்கிறது. நோகாத காலை நோகிறது என்று காட்டுகிறது. அது பொய் என்று பிள்ளைக்கும் தெரியும், தாய்க்கும் தெரியும். தெரிந்துகொண்டே இருவரும் அந்த நாடகத்தை ஆடுகிறார்கள். தான் கேட்டால் கிடைக்கும் என்ற உறுதியைப் பிள்ளை சோதித்துப் பார்க்கும் நாடகம் அது.

யப்பானிய மொழியில் 'அமாஎ' என்றொரு சொல் இருக்கிறது. தக்கியோ டோய் என்ற மனநோய் மருத்துவர் 1971இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பிறர் தன்னிடம் கனிவாய் இருப்பர் என்று நம்பி, அந்தக் கனிவின்மேல் சாய்ந்துகொள்வதுதான் அமாஎ. இதற்கு நேரான சொல் ஐரோப்பிய மொழிகளில் இல்லை என்பது அவருடைய வாதம். அங்கேயும் பிள்ளை செய்வதற்கு ஒரு வினை, பெரியவர் செய்வதற்கு வேறொரு வினை. அமாஎரு என்றால் பிள்ளை சாய்ந்துகொள்வது. அமாயகாசு என்றால் பெரியவர் இடங்கொடுப்பது. சொல்லின் வேர் இனிப்பு என்ற பொருளோடு தொடர்புடையது. டோய் மட்டக்களப்புக்கு வந்து எங்கள் வீடுகளின் திண்ணையில் ஒரு மாலைப்பொழுது இருந்திருந்தால், செல்லம் கொடுத்தலையும் செல்லம் பொழிதலையும் தம் நூலில் ஓர் அடிக்குறிப்பாகவாவது சேர்த்திருப்பார்.

கொஞ்சுதல் என்ற சொல்லுக்கு வருவோம். தமிழகத்து நண்பர்களோடு பேசும்போது இந்தச் சொல்லில்தான் நாம் அடிக்கடி இடறுகிறோம். அவர்களுக்குக் கொஞ்சுதல் என்றால் இனிய குரலில் செல்லமாய்ப் பேசுதல், மழலை பேசுதல். கிளி கொஞ்சும், சலங்கையும் கொஞ்சும். 1962இல் 'கொஞ்சும் சலங்கை' என்று படமே வந்தது. நமக்கோ கொஞ்சுதல் என்றால் முத்தமிடுதல். "பெத்தாவுக்கு ஒரு கொஞ்சு தா" என்றால் கன்னத்தைத்தான் நீட்டுவார்கள், காதை அல்ல. ஈழத்துக் கதையில் தாய் பிள்ளையைக் கொஞ்சினாள் என்று எழுதினால் அங்குள்ள வாசகர் ஏதோ பேசினாள் என்று எடுத்துக்கொள்வார். முத்தம் என்ற சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் பேச்சிலே முற்றமும் முத்தம் ஆகிவிடுவதால், நம் வீடுகளில் முத்தம் என்றால் விளக்குமாறுதான் முதலில் நினைவுக்கு வரும். கொஞ்சு என்ற சொல் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று வேடிக்கையாய் நினைத்துக்கொள்வேன்.

சீராட்டுதல், பாராட்டுதல், தாலாட்டுதல், நீராட்டுதல் என எல்லாவற்றிலும் ஓர் 'ஆட்டுதல்' இருக்கிறது. தால் என்பது நாக்கு. நாவை ஆட்டி ஒலிப்பது தாலாட்டு. எங்கள் பகுதியில் அதை ஓராட்டு என்பார்கள். பாராட்டு என்ற சொல்லுக்குத்தான் என்ன நேர்ந்தது பாருங்கள். சீராட்டிப் பாராட்டி வளர்த்தோம் என்று சொல்லும்போது அது தொட்டிலைச் சுற்றிய சொல். இன்று பாராட்டு விழாவாகி, பொன்னாடையும் மாலையும் ஒலிபெருக்கியும் கேட்கிறது. பெரிய மனிதர்கள் மேடையிலே கண்மூடி இருந்து புகழுரை கேட்கும் காட்சியைப் பார்க்கையில், சொல் தன் பழைய பொருளை முற்றாகக் கைவிடவில்லை என்றே தோன்றும்.

செல்லத்துக்கென்று ஓர் இலக்கிய வகையையே வகுத்தவர்கள் நாம். பிள்ளைத்தமிழை நேயர்கள் அறிவீர்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாய்ப் போகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடினார். நாடாளும் மன்னனைத் தவழவும், கை கொட்டவும், முத்தம் தரவும் வேண்டிக்கொள்ளும் பாட்டு! ஆண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதிப் பருவங்களுள் ஒன்று சிற்றில். சிறுமிகள் மணலில் கட்டிய சிறுவீட்டைப் பிள்ளை காலால் அழிக்க வருகிறது. அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். செல்லப்பிள்ளை குழப்படி செய்யும் என்பதும், அந்தக் குழப்படியையும் இரசிக்க வேண்டும் என்பதும் அங்கே இலக்கண விதியாகவே ஆகிவிட்டது.

ஏட்டில் இப்படி. வீட்டில் எப்படி?

நாவற்குடா, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாய்க் கிடக்கும் நீண்ட மணல் நிலத்தில் உள்ள ஊர். வடக்கே கல்லடி, தெற்கே மஞ்சந்தொடுவாய், அதையடுத்துக் காத்தான்குடி. செக்கோசிலாவாக்கிய அறிஞர் கமில் சுவெலபில் இலங்கைத் தமிழை ஆராய்ந்தபோது, பேச்சுத் தமிழ் வகைகளுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். இந்தப் பெருமையை நாங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் பிள்ளையைத் தூக்கியதும் இலக்கிய வழக்கு எங்கோ போய்விடும். மகனே என்பது 'மனே' ஆகிவிடும். "இஞ்ச வா மனே", "என்ட மனே" என்னும்போது நடுவிலிருந்த ககரம் எங்கே போயிற்று என்று கேட்க முடியாது. அந்த இடத்தில்தான் செல்லம் இருக்கிறது. வயது வந்த மகனையும், அயல்வீட்டுப் பிள்ளையையும், சில வேளை சந்தையில் மீன் வாங்க வந்த முன்பின் தெரியாத இளைஞனையும்கூட முதியவர்கள் மனே என்பார்கள். பெண்பிள்ளைக்குப் புள்ள, கிளி, ராசாத்தி.

குஞ்சு என்றும் சொல்வோம். இது ஈழத்தவர் எல்லோருக்கும் பொதுவான சொல். குஞ்சியப்பு, குஞ்சியாச்சி என்று யாழ்ப்பாணத்தில் உறவுமுறைக்குள்ளும் அது நுழைந்திருக்கிறது. ஆனால் இராமேசுவரம் தாண்டினால் கவனம் வேண்டும். சென்னைப் பேருந்தில் நம்மவர் ஒருவர் பேரனைப் பார்த்து "என்ட குஞ்சு" என்று உரத்துச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரர் ஏன் திரும்பிப் பார்க்கிறார் என்பது அவருக்கு விளங்காது. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்கள் ஒன்பதைச் சொல்லுகிறார். குட்டியும் கன்றும் பிள்ளையும் அவற்றுள் உண்டு, குஞ்சு இல்லை. கன்று நம் வாயில் கண்டு ஆகி, மாங்கண்டாய்த் தோட்டத்திலும் செல்லக்கண்டாய் வீட்டிலும் வளர்கிறது. மரத்தின் இளமைக்கும் மனிதரின் இளமைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அதனால்தான் தென்னம்பிள்ளை என்கிறோம்.

இன்னொரு வழக்கம், பிள்ளையைப் பெரியவராக்கிக் கூப்பிடுவது. தந்தை மகளை "அம்மா" என்கிறார். தாய் மகனை "அப்பு", "ஐயா", "ராசா" என்கிறாள். காத்தான்குடியில் தாய் தன் மகனை "வாப்பா" என்றும், தந்தை தன் மகளை "உம்மா" என்றும் அழைப்பதைக் கேட்கலாம். மதம் வேறு, சொல் வேறு. செல்லத்தின் இலக்கணம் ஒன்று. இதற்குப் பின்னால் ஒரு பழைய ஒழுங்கும் இருக்கிறது. பேரப்பிள்ளைக்குப் பாட்டன் பாட்டி பெயரை வைப்பது தமிழர் வழமை. பேரன் என்ற சொல்லே பெயரிலிருந்து வந்ததென்பர். ஆனால் மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. தன் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்தால் மாமனாரை அழைத்ததாகிவிடும். என்ன செய்வாள் பாவம்? ஐயா என்றாள், அம்மா என்றாள். மரியாதைக்காகப் பிறந்த வழி கொஞ்சலாக முடிந்தது.

'அருமந்த பிள்ளை' என்ற தொடரை இங்கே விட்டுவிட மனமில்லை. அருமருந்து அன்ன பிள்ளை என்பதே அருமந்த பிள்ளை ஆயிற்று என்று இலக்கண ஆசிரியர்கள் மரூஉ மொழிக்கு எடுத்துக்காட்டுத் தருவார்கள். உயிர்காக்கும் மருந்து போன்ற பிள்ளை என்பது பொருள். வகுப்பறையில் அதை மனப்பாடம் செய்யும் மாணவருக்குத் தம் வீட்டு முதியவர் நாள்தோறும் அந்தச் சொல்லைச் சொல்வது தோன்றுவதில்லை. "அருமந்த காசு, வீணாப் போச்சே" என்று காசுக்கும் சொல்வார்கள். பெரும்பாலும் இழந்த பிறகே அருமந்த என்பது வாயில் வரும். செத்த வீட்டில் நான் அதிகம் கேட்ட சொல் அது.

செல்லச் சொற்களுக்கு ஒரு பயமும் உண்டு. பிள்ளையைப் புகழக்கூடாது. "என்ன வடிவான பிள்ளை" என்று வந்தவர் சொல்லிவிட்டுப் போனால், அன்றிரவு பிள்ளை பால் குடிக்காவிட்டால் அது நாவூறு. கண்ணால் வரும் ஊறு கண்ணூறு. நாவால் வரும் ஊறு நாவூறு. வெறும் பார்வையைவிட வாய்ச்சொல்லுக்கே நம்மவர் அதிகம் அஞ்சியிருக்கிறார்கள். ஆதலால் கொஞ்சலும் தலைகீழாய் நடக்கும். "என்ட கள்ளன்", "குரங்கு", "கறுவல்" என்று வைதால் தீங்கு அணுகாது. பிள்ளைகள் பிறந்து பிறந்து இறந்த வீட்டில் அடுத்து வந்த பிள்ளைக்குக் குப்பை என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்த வழக்கம் தமிழர் வாழும் பல இடங்களில் இருந்தது. எமனுக்கு வேண்டாத பொருள் என்று காட்டுவதற்காக. குப்புசாமி என்ற பெயரைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். அதற்குள்ளே, முன்னே போன பிள்ளைகளை நினைத்து அஞ்சிய ஒரு தாய் இருக்கிறாள்.

அம்மாள் வருத்தம் வந்தால் எல்லா விதியும் மாறும். கொப்புளிப்பான் கண்ட பிள்ளையை ஏசக்கூடாது, அடிக்கக்கூடாது. வேப்பிலை சூழப் படுத்திருக்கும் பிள்ளை கேட்டதைக் கொடுக்க வேண்டும். நேற்றுவரை முதுகில் அடி வாங்கிய பையனிடம் அன்று அம்மாளே வந்திருக்கிறாள். மட்டக்களப்புக் கோயில்களில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி நடக்கும். மதுரையை எரித்து வந்தவளின் சினத்தைக் குளிர வைக்கும் சடங்கு. கோபத்தோடு நிற்பவளைக் கண்டிக்காமல், தண்ணீராலும் இன்சொல்லாலும் ஆற்றுப்படுத்துவது என்பதை ஊர் முழுதும் ஆண்டுதோறும் செய்து பார்க்கிறது. பிள்ளை வளர்ப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எனக்குச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவு சொற்களை வைத்திருக்கும் நாம், செல்லம் என்ற சொல்லைக் குற்றச்சாட்டாகவும் பயன்படுத்துகிறோம். "செல்லம் கொடுத்துக் கெடுத்துப் போட்டா." இந்த வாக்கியத்தின் எழுவாய் யார் என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் பெண், அதிலும் முதிய பெண். எங்கள் பகுதியில் பெத்தா, அதாவது தாயைப் பெற்றவள். மட்டக்களப்பில் குடி தாய்வழியாய் வரும். வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாய்ப் போகும். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்வான். ஆகவே பிள்ளை பிறந்து கண் திறந்ததும் தாய்க்கு அடுத்தபடி காண்பது பெத்தாவின் முகம். இது நெடுங்கால ஒழுங்கு.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பதுகள் தொடங்கி இந்த ஒழுங்கின்மேல் ஒரு புதிய பாரம் ஏறியது. யுத்தத்தில் கணவரை இழந்த பெண்களும், கடன்பட்ட பெண்களும், வீடு கட்ட வேண்டிய பெண்களும் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிக்குப் போனார்கள். வேறொருவர் பிள்ளையைக் குளிப்பாட்டித் தீத்தி வளர்த்துச் சம்பளம் அனுப்பினார்கள். இங்கே அவர்களின் பிள்ளையைப் பெத்தா வளர்த்தாள். 2004 திசம்பர் 26இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடியையும் இந்தக் கரையையும் அடித்தபோது, தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் பலரும் முதியவர்களின் கையில்தான் வந்து சேர்ந்தார்கள். 2013இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டுப் பணிக்காக வெளிநாடு போவதை அரசாங்கம் தடுத்தது. 2022இல் பொருளாதார நெருக்கடியின்போது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைந்தது. இரண்டு வயதில் பிள்ளை எத்தனை சொல் பேசும் என்று அதைக் குறைத்தவர்கள் கணக்குப் பார்த்தார்களோ தெரியாது.

அந்தப் பிள்ளை பள்ளியில் குழப்படி செய்தால், பாடம் எழுதாமல் வந்தால், ஆசிரியர் அறையில் என்ன பேசப்படும்? "பெத்தாட செல்லம், சேர்." இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அறுபது எழுபது வயதில் விறகும் தண்ணீரும் சுமந்து, காய்ச்சல் வந்தால் ஆசுபத்திரி வரிசையில் நின்று, வட்ஸ்அப்பில் வரும் தாயின் குரலைப் பிள்ளையின் காதில் பிடித்துக்கொண்டு நிற்பவளின் உழைப்பு முழுவதும் ஒரே சொல்லில் குற்றமாகிவிடுகிறது. அடிக்க அவளுக்குக் கை வரவில்லை என்பது உண்மை. "தாய் பக்கத்தில இல்லாத பிள்ளைக்கு எப்பிடி அடிக்கிறது" என்பது அவள் கேள்வி. பாடசாலையில் பிரம்பு கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை அனுப்பியது. பெத்தா அதை வாசித்தவள் அல்லள்.

செல்லம் பிள்ளையைக் கெடுக்காதா என்று நேயர்கள் கேட்கலாம். இடங்கொடுத்தால் மடம் பிடுங்கும் பிள்ளைகளும் உண்டு. பழமொழியை நான் மறுக்கவில்லை. கேட்ட பொருளையெல்லாம் வாங்கிக் கொடுத்து வாயை மூட வைப்பதும் செல்லம் என்ற பெயரில் நடக்கிறது. வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளில் அது கூடுதலாகவே நடக்கிறது. ஆனால் அது கொடுத்தல் மட்டும். பிள்ளை செல்லம் பொழிவதற்கு எதிரே ஒருவர் இருக்க வேண்டும். நோகாத காலைத் தடவிவிட ஒருவருக்கு நேரம் இருக்க வேண்டும். கைத்தொலைபேசி வாங்கிக் கொடுக்கலாம், அதன்மேல் செல்லம் பொழிய முடியாது. கெட்டுப்போன பிள்ளைகள் என்று நாம் சொல்பவர்களில் எத்தனை பேர் கூடுதலாய்ச் செல்லம் பெற்றவர்கள், எத்தனை பேர் அது கிடைக்காமல் போனவர்கள் என்று ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம்.

இறுதியாய் ஒன்று. 2004இல் 'கில்லி' என்ற படம் வந்தது. அதிலே பிரகாஷ்ராஜ் ஏற்ற வில்லன், தன்னை விரும்பாத பெண்ணைச் 'செல்லம்' என்று அழைத்தான். சொல் பரவிவிட்டது. இப்போது நண்பனும் செல்லம், காதலியும் செல்லம், கைத்தொலைபேசிக் கடைக்காரனுக்கு வாடிக்கையாளரும் செல்லம். எங்கள் இளந் தாய்மாரும் பிள்ளையை அப்படியே அழைக்கிறார்கள். அழகான சொல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது வந்து உட்கார்ந்த வீட்டில் மனே எழும்பிப் போய்விடுகிறது. கிளியும் கண்டும் பின்னாலே போகின்றன. வீட்டில் பெத்தா இருக்கும் மாணவர்கள் இந்த விடுமுறையில் ஒரு கொப்பியை எடுத்து, அவர் உங்களை ஒரு நாளில் எந்தெந்தப் பெயரால் கூப்பிடுகிறார் என்று எழுதிப் பாருங்கள். கேட்டு எழுதாதீர்கள்; கேட்டால் அவர் வெட்கப்பட்டு மறைத்துவிடுவார். பக்கத்தில் இருந்து காது கொடுத்து எழுதுங்கள். வைகிற சொற்களையும் விடாமல் எழுதுங்கள், அவற்றில் பாதி செல்லச் சொற்கள்தான்.